காருக்குள் தண்ணீர் தேடியவர்

மழை பெய்யும்போது அவருக்கு வேலை இருக்காது. மழை விட்ட மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஆழ்வார்பேட்டைச் சந்து ஒன்றிலிருந்த அவருடைய கொட்டகை வாசலில் நான்கைந்து கார்கள் கதவைத் திறந்து போட்டபடி நிற்கும். உள்ளேயிருந்து ஊறிய சாக்கின் வாடை வரும். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணத்தோடு வந்திருப்பார்கள். கதவு ரப்பர் போய்விட்டது, கண்ணாடி முழுதாக ஏறவில்லை, கழுவுகிறவன் சரியில்லை. அவர் எதையும் காதில் வாங்கமாட்டார். "தண்ணி எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்பார். சொன்னதும், "அது நிக்கற எடம். வர்ற எடம் வேற," என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடிப்பார்.

எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் உருது, கடையில் மெட்ராஸ் தமிழ். அசல் தொழில் கார் சீட் தைப்பது. புதிதாகத் தைத்துக் கொடுத்த சீட் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. ரெக்சின் மட்டம் என்று சண்டை போட்டார்கள். ரெக்சின் மட்டமில்லை என்று காட்டுவதற்காகத் தண்ணீர் எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தவர், பிறகு சீட் தைப்பதைவிடத் தேடுவதிலேயே அதிக நேரம் செலவழித்தார். நான் பழகிய காலத்தில் அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. வெள்ளைச் சட்டைதான் போடுவார். காருக்கு அடியில் புகுந்து வெளியே வருகிறவர் ஏன் வெள்ளைச் சட்டை போடவேண்டும் என்று கேட்டேன். "அழுக்கு எங்கேர்ந்து ஒட்டிச்சுன்னு தெரியும்ல சார்," என்றார்.

முறை எளிமையானது. தரைவிரிப்பையும் அதன் அடியிலிருக்கும் பஞ்சு மெத்தையையும் கழற்றி எடுத்துவிட்டு, வெறும் தகரத்தின் மேல் பழைய செய்தித்தாள்களைப் பரப்புவார். கதவு ரப்பர்களின் மேல் முகப்பவுடர் தூவுவார்; தண்ணீர் போன தடம் அதில் தெரியும். பிறகு டார்ச்சோடு உள்ளே போய் உட்கார்ந்து எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொள்வார். வெளியே நிற்கிறவர், பெரும்பாலும் சொந்தக்காரரே, பூவாளியால் தண்ணீர் ஊற்றவேண்டும். கீழேயிருந்து தொடங்கி மேலே போகவேண்டும். ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம். அவசரப்பட்டு நேராகக் கூரையில் ஊற்றினால் உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டுவார்.

"மேலேர்ந்து ஊத்தினா எல்லாம் ஒண்ணா நனைஞ்சிடும் சார். அப்புறம் எவன் திருடன்னு எப்டி தெரியும்?"

என் பழைய சின்னக் காருக்கு அவர் இப்படி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். அது சித்திரை மாதம். வெளியே வந்தபோது குளித்தவர் மாதிரி இருந்தார். பின்பக்க விளக்குக்குப் பின்னால் இருந்த ஒரு ரப்பர் வளையம் வெடித்திருந்தது. தண்ணீர் அங்கே நுழைந்து, தகரத்துக்கு அடியிலேயே ஓடி, முன் சீட்டின் காலடியில் வந்து தேங்கியிருந்தது. அதற்கு முன் வேறு இரண்டு மெக்கானிக்குகள் அந்தக் காலடிக்கு மேலே இருந்த எல்லா இடுக்குகளிலும் சிலிகான் பூசியிருந்தார்கள். அதையெல்லாம் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தார். சிலிகான் என்றாலே அவருக்கு ஆகாது. "இத்த போட்டவன் ஊட்டுக்குப் போய்ட்டான். தண்ணி போகல."

நான் பத்திரிகையில் வேலை பார்ப்பது தெரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். பழைய பேப்பர் கட்டு. அதிலும், கலர் படம் இல்லாத பக்கங்கள். கலர் மை ஈரத்தில் ஓடிவிடுமாம். பொடி எழுத்தில் நெருக்கமாக அச்சடித்த வரிவிளம்பரப் பக்கம்தான் அவருக்குப் பிடிக்கும். ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தச் சாம்பல் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். எங்கள் ஆசிரியர் குழு ஒருபோதும் பெருமைப்பட்டிராத பக்கம் அது.

அவர் அந்தத் தாள்களைப் படிப்பதில்லை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் என் பெயர் போட்ட செய்தியை மடித்து வைத்திருந்தார். மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருவில் தண்ணீர் தேங்கியதைப் பற்றியது.

"கால்வாய் அடைச்சிக்கினு தண்ணி வந்திச்சுன்னு போட்டிருக்கீங்க. பாத்தீங்களா?"

"அங்கே இருந்தவங்க சொன்னாங்க."

"அவங்க பாத்தாங்களா?"

 அவர் மேலே ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கத்தை ஒரு காரின் டிக்கியில் விரித்தார். அதன் பிறகு மழைச் செய்தி எழுதும்போதெல்லாம் 'என்று அப்பகுதி மக்கள் தெரிவித்தனர்' என்ற வரியைச் சேர்க்கத் தொடங்கினேன்.

அவருடைய கொட்டகையும் மூன்று இடங்களில் ஒழுகியது. மூன்றுக்கும் பக்கெட் வைத்திருந்தார். ஊரார் காரையெல்லாம் பார்க்கிறவர் இதைப் பார்க்கக்கூடாதா என்று டீக்கடைக்காரர் கிண்டல் செய்வார். "பாத்தாச்சு. எங்கேர்ந்து வருதுன்னு கொட்டகை ஓனருக்கு சொல்லியாச்சு. அவரு கூரை அது. நான் இன்னா பண்றது?" என்பார். கண்டுபிடித்துச் சொல்வதோடு தன் கடமை முடிந்தது என்பது அவருடைய கணக்கு. அது எல்லோருக்கும் ஒத்துவரவில்லை.

மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு நான்தான் அவரை அழைத்துப் போனேன். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை ஒருவரும் அவர் கணவரும் அங்கே இருந்தார்கள். கணவருக்கு இதய அறுவை சிகிச்சை ஆகி ஆறு மாதம். மழையே இல்லாத நாட்களில் காரின் ஓட்டுநர் சீட் ஈரமாகிறது என்பது அந்த அம்மாளின் புகார்.

"மேலேர்ந்துதான் ஒழுகறதுன்னு நெனைக்கிறேன். வெள்ளிக்கிழமைன்னா கட்டாயம் ஈரமா இருக்கு. ஆத்துல யாருக்கும் புரியலை."

பாய் பூவாளியைக் கேட்கவில்லை. சீட்டை விரலால் அழுத்தி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். இந்தப் பழக்கம் எனக்குக் குமட்டும். அவரோ சமையல்காரர் குழம்பைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

"இது மழ இல்லமா. உப்பு கீது. சீட்டு முதுகும் ஈரம். அடியில மணல் வேற."

அந்த அம்மாள் சீட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். கணவர் மதில்மேல் இருந்த தொட்டிச்செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிலுக்குப் போறேன்னு சொல்லிண்டு பெசன்ட் நகர் போறேளா? கடல்ல குளிக்கிறேளா?"

"கால் நனைச்சிண்டேன்."

"முதுகு எப்படி நனைஞ்சுது?"

திரும்பி வரும்போது, கொஞ்சம் நாசூக்காகச் சொல்லியிருக்கலாம் என்றேன். "நான் ஆளைச் சொல்லல சார். தண்ணியத்தான் சொன்னேன். அந்தம்மாதான் ஆளைப் பாத்துச்சு," என்றார். சிறிது தூரம் போன பிறகு, "ஆபரேஷன் பண்ண ஆளு. அந்தம்மாவுக்குத் தெரியறது நல்லது," என்று சேர்த்துக்கொண்டார்.

இப்போது அந்தச் சந்தில் கொட்டகை இல்லை. நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. பாய் மகள் வீட்டோடு ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. அவரை நினைக்கும்போது கொட்டகையோ என் காரோ முதலில் வருவதில்லை. ரகு வீட்டுப் போர்ட்டிகோதான் வருகிறது.

ரகு என் பள்ளித் தோழன். ஆழ்வார்பேட்டையில் பெரிய வீடு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் தாழ்வான, மூக்கு நீண்ட கார்களை வரைந்துகொண்டிருந்தவன். நாற்பத்தெட்டு வயதில் அப்படி ஒன்றை வாங்கிவிட்டான். சிவப்பு. இரண்டே சீட். துணிக்கூரை பின்னால் மடங்கும். வாங்கி இரண்டு மாதத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது இடப்பக்கக் காலடியில் நான்கு விரல்கடைத் தண்ணீர் நின்றது. விரிப்புக்கு அடியிலிருந்த மின்சாதனப் பெட்டி நனைந்து, கார் கிளம்பவில்லை. சர்வீஸ் செய்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, கூரை முழுதாக மூடாமல் இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

காரை நிறுத்தி, கூரையை மூடி, சாவியை உள்ளே கொடுப்பது ஓட்டுநர் செல்வத்தின் வேலை. அந்த வீட்டில் பதினோரு வருடமாக இருக்கிறார். முன்பு அடையாற்றங்கரைக் குடிசைகளில் குடியிருந்தார். நடந்தே வந்துவிடுவார். கரையைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். ஆழ்வார்பேட்டையில் ஓட்டுநர் வேலை விளம்பரம் பார்த்துக் கிடைப்பதில்லை. ஒரு வீட்டு வாட்ச்மேன் இன்னொரு வீட்டு வாட்ச்மேனிடம் சொல்லிக் கிடைப்பது. கவனக்குறைவு என்று ஒரு வீட்டிலிருந்து அனுப்பினால், ஆள் போவதற்கு முன்னால் அந்தச் சொல் போய்விடும். செல்வத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

"அவனை நிறுத்தப் போறேன். அதுக்கு முன்னாடி உன் பாய் ஒரு தடவை பார்த்துக் கன்ஃபர்ம் பண்ணிடட்டும்," என்று ரகு என்னிடம் போனில் சொன்னான். பதினோரு வருடத்துக்கு அவன் கொடுத்த மரியாதை அது.

பாய் காரை ஒருமுறை சுற்றிவந்தார். அவர் பார்த்ததிலேயே விலை உயர்ந்த கார் அதுதான். அது அவர் முகத்தில் தெரியவில்லை.

"கூரை திறந்திருந்திருக்கு பாய். அதான் விஷயம்," என்றான் ரகு.

"பாத்தீங்களா சார்?"

"வேற எப்படி வரும்?"

"பாத்தீங்களா?"

"இல்ல."

"சரி. பாப்போம்."

சீட்டுகளைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. செல்வம் கூடவே நின்று போல்ட்டுகளை வாங்கி ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் வரிசையாக வைத்தார். விரிப்பைத் தூக்கியபோது அடியிலிருந்த பஞ்சு மெத்தை ஊறிப் பருத்திருந்தது. அதைச் சுவரோரமாக இழுத்துப் போட்டார்கள். பாய் காலடித் தகரத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, தாள்களை விரித்து, சீட் இல்லாத தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். தலை டேஷ்போர்டுக்கு அடியில் போய்விட்டது. கதவை ரகு சாத்தினான். செல்வம் பூவாளியை எடுத்தார்.

கதவின் அடிப்பகுதி, பத்து நிமிடம். ஒன்றுமில்லை. கதவுக் கண்ணாடி, பத்து நிமிடம். ஒன்றுமில்லை. அடுத்தது முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் படுத்திருக்கும் கறுப்பு சல்லடை. அதற்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. கண்ணாடியில் வழியும் மழை அங்கே இறங்கி, இரண்டு மூலைகளிலும் உள்ள ரப்பர்க் குழாய் வழியாகத் தரைக்குப் போகவேண்டும். செல்வம் அந்த இடத்தைத் தாண்டி, பூவாளியைக் கண்ணாடியின் மேல்பாதிக்குக் கொண்டுபோனார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நைனா, மேல போவாத. கண்ணாடிக்குக் கீய ஊத்து."

"ஊத்தறேன் பாய்."

"ஊத்தல."

செல்வம் ஊற்றினார்.  ரகு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறாவது நிமிடத்தில் கதவு திறந்தது. பாயின் இடது தோள் நனைந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கறை. தொட்டி நிரம்பி, ஏ.சி. காற்று உறிஞ்சும் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கறையை முகர்ந்து பார்த்தார். வைப்பர்களைக் கழற்றினார். சல்லடையைத் தூக்கினார். வலமூலைக் குழாயில் தண்ணீர் இறங்கியது. இடமூலையில் நின்றது.

வளைந்த கம்பி ஒன்றால் அந்தக் குழாயிலிருந்து வந்ததையெல்லாம் மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததைக் கலக்காமல், ஒரு வரிவிளம்பரப் பக்கத்தின்மேல் இடமிருந்து வலமாக வைத்தார். முதலில் நான்கு விரல் நீளத்தில் ஒடிந்த ஈர்க்குச்சி. அடுத்து, கஞ்சி போலக் குழைந்த ஏதோ ஒன்று. அதில் இரண்டு மூன்று இடங்களில் முழுதாகவே தெரிந்தது: பொரி. அதற்கு அடுத்து சாமந்தி இதழ்கள், குங்குமத்தில் ஊறியவை. கடைசியாக, மாலை கட்டிய வாழைநார்.

ஆயுத பூஜையன்று ரகு எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். புதுக் காரின் முதல் பூஜை. அவனே மாலை சாத்தி, அவனே கை நிறையப் பொரியை அள்ளி பானெட்டின்மேல் போடுகிறான். தாளின்மேல் இருந்ததைப் பார்த்ததும் அது நினைவுக்கு வந்தது. அவனுக்கும் வந்திருக்கவேண்டும். ஆனால் அவன் கண் முதலில் போனது ஈர்க்குச்சிக்கு.

"இது துடைப்பக் குச்சி. யார் உள்ள விட்டது?"

செல்வம் போர்ட்டிகோ தூணைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் சார். அன்னிக்கு மழையில அங்க தண்ணி நின்னுக்கினு இருந்துச்சு. குத்தி விட்டா போயிடும்னு பாத்தேன். ஒடஞ்சிடுச்சு. பயந்துட்டேன் சார். சொல்லல."

"பாத்தியா?" என்று ரகு என்னிடம் திரும்பினான். "நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க கூரைன்னு சொன்னீங்க சார்," என்றார் பாய்.

"எதுவா இருந்தா என்ன பாய்? இவன்தானே?"

பாய் குந்தி உட்கார்ந்தார். செல்வத்தைப் பார்க்கவில்லை. ரகுவையும் பார்க்கவில்லை. தாளின்மேல் விரலை வைத்தார்.

"குச்சி மேல இருந்துச்சு. மேல இருந்தா கடைசில போனது. பூ அடியில இருந்துச்சு. அதான் மொதல்ல போனது. குச்சி முனையப் பாருங்க, பொரி ஒட்டிக்கினு கீது. குச்சி போறப்ப அடைப்பு அங்க இருந்திருக்கு. தண்ணி நின்னதுனால குச்சி. குச்சியால தண்ணி நிக்கல."

"அவன் எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும். அது தப்பு." பாய் இதைச் சொன்ன தொனியும் பொரியைச் சொன்ன தொனியும் ஒன்றுதான். செல்வம் தலையைக் குனிந்தார். "இன்னும் கூரை பாக்கல. பாத்துடுவோம்."

"அதான் கெடைச்சிடுச்சே பாய். எதுக்கு?"

"நீங்க கூரை மேலதான் சொன்னீங்க. அத்த பாக்காம வுட்டா, அது அப்டியே நிக்கும்."

குழாய்க்குள் தண்ணீர் விட்டு, அது தரையில் இறங்குவதைப் பார்த்தார். உள்ளே புதிய தாள்களை விரித்தார். கூரையை மூடச் சொன்னார், செல்வத்தை. செல்வம் எப்போதும் மூடுகிற மாதிரியே மூடினார். கொக்கி விழும் சத்தம் கேட்டது. இந்த முறை பூவாளியை ரகுவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார் பாய். ரகு முப்பது நிமிடம் தன் காரின் கூரைக்குத் தண்ணீர் ஊற்றினான். ஊற்ற ஊற்ற அவன் பேச்சு குறைந்தது. பாய் வெளியே வந்து, உள்ளே கிடந்த தாள் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார். ரகு அதை இரண்டு விரலால் தடவிப் பார்த்தான். திருப்பிப் போட்டும் தடவினான். காய்ந்திருந்தது.

 செல்வம் மூடியிலிருந்த போல்ட்டுகளை மறுபடி எண்ணுவது போல விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். சமையலறைப் பக்கம் குக்கர் கூவியது.

"அந்த எடத்துக்கு எப்படிப் போச்சு இதெல்லாம்?" என்றான் ரகு கடைசியில். கேள்வி மாதிரி இல்லை.

"அது தண்ணிக்குத் தெரியாது சார்."

ரகு தாளை மடித்தான். மறுபடி பிரித்தான். "நான்தான் பாய். மாலை வழுக்கி வழுக்கி விழுந்துது. வைப்பருக்கு அடியில சொருகினேன். அப்படியே மூணு நாள் விட்டுட்டேன்."

பாய் தோளிலிருந்த கறையைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். "எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?" என்றார்.

ரகு என்னைப் பார்த்தான்.  பாய் கருவிகளைப் பையில் போட ஆரம்பித்தார். முதலில் டார்ச், பிறகு கம்பி, பிறகு பவுடர் டப்பா. போட்டுக்கொண்டே செல்வத்திடம் பேசினார்.

"நைனா, அந்த மெத்தை காயணும். மாடில வெயில் கீதா? ரெண்டு நாள் போடு. திருப்பித் திருப்பிப் போடு. வியாழக்கிழமை வந்து சீட்டு மாட்டறேன்."

"போடறேன் பாய்," என்றார் செல்வம். சொல்லிவிட்டு நின்றார். வியாழக்கிழமை அங்கே இருப்போமா என்பது அவருக்குத் தெரியாது.

சுவரோரம் போய் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினார். தண்ணீரோடு அது ஓர் ஆள் கனம் இருந்திருக்கும். மறுமுனை தரையில் இழுபட்டது. ரகு இரண்டு எட்டு வைத்துப் போய் அந்த முனையைப் பிடித்தான்.

"வுடுங்க சார், அழுக்கு."

"நட செல்வம்."

செல்வம் முன்னால் ஏறினார். ரகு கீழ்ப்படியில். மாடிப்படி செங்குத்தானது. பாய் கீழேயிருந்து, "சாய்க்காதீங்க, தண்ணியெல்லாம் ஒரு பக்கமா வந்துடும்," என்றார். அந்தப் படியில் சாய்க்காமல் ஏற வழியில்லை. மெத்தையில் இருந்த தண்ணீர் முழுவதும், குங்குமச் சாயத்தோடு, ரகுவின் கையிலும் சட்டையிலும் இறங்கியது. அவன் பிடியை விடவில்லை.